கிளம்பும் முன் சூடேற்றல்: ஒரு மோட்டார் சைக்கிள் வழக்கத்தின் வரலாறு

மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்தவுடன் ஏறிப் போய்விடாமல், இன்ஜினைச் சில நிமிடங்கள் நின்ற இடத்திலேயே ஓடவிட்டுச் சூடேற்றும் வழக்கம் ஏறத்தாழ மோட்டார் சைக்கிளின் வயதையே உடையது. அதற்கான காரணம் மட்டும் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. தீப்பொறி உண்டாக்கும் முறை, எண்ணெயின் தன்மை, பெட்ரோலை ஆவியாக்கும் கருவி, பிஸ்டனும் சிலிண்டரும் செய்யப்பட்ட உலோகம் என்று ஒவ்வொன்றும் தன் காலத்தில் இந்தக் காத்திருப்பைக் கட்டாயமாக்கியது. பொறியாளர்கள் ஒன்றைத் தீர்த்தபோதும் ஓட்டுநர்கள் பழக்கத்தை விடவில்லை. அடுத்து வந்த வண்டியிலும் அதைத் தொடர்ந்தார்கள்.

தொடக்கம் நெருப்பிலிருந்தே. 1885இல் ஜெர்மனியின் கான்ஸ்டாட்டில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் உருவாக்கிய மரச்சட்ட வண்டிதான் பெட்ரோலில் ஓடிய முதல் மோட்டார் சைக்கிளாகக் கருதப்படுகிறது. அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஒரு முனை அடைபட்ட சிறு உலோகக் குழாய் சிலிண்டரோடு இணைந்திருக்கும்; வெளியிலிருந்து ஒரு சுடர் அதைச் செஞ்சூட்டில் வைத்திருக்கும். பிஸ்டன் அழுத்தும் வாயு அந்தக் குழாய்க்குள் புகுந்து தீப்பற்றும். ஆகவே குழாய் பழுக்கும்வரை இன்ஜின் ஓடவே ஓடாது. அந்த நவம்பரில் டைம்லரின் மகன் பால் கான்ஸ்டாட்டிலிருந்து உண்டர்டுர்க்ஹைமுக்கு ஓட்டிச் சென்றபோது, இருக்கைக்கு நேர் கீழே எரிந்த அந்தச் சுடரால் இருக்கை தீப்பிடித்ததாகவும் பதிவு உண்டு. 1894இல் மியூனிக்கில் விற்பனைக்கு வந்த ஹில்டெபிராண்ட் – வோல்ஃப்முல்லர் வண்டியும் இதே சூட்டுக்குழாயைத்தான் நம்பியிருந்தது. 1,488 சிசி கொள்ளளவு கொண்ட அந்த இன்ஜினின் இணைப்புத் தண்டுகள் நேராகப் பின்சக்கரத்தைச் சுழற்றின. கிளட்ச் இல்லை. சுடரை ஏற்றி, குழாய் பழுக்கக் காத்திருந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி ஏற வேண்டும்.

பிரான்சின் டி டியோன்-பூட்டோன் நிறுவனம் பேட்டரியும் காயிலும் கொண்ட பற்றவைப்பைச் சிறிய இன்ஜின்களில் கொண்டுவந்தது. 1902இல் பாஷ் நிறுவனத்தின் காட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். அதன்பின் சுடருக்கு வேலை இல்லாமல் போனது. உலோகத்தைத் தீயில் காய்ச்சிய பிறகே வண்டி கிளம்பும் என்ற நிலை அத்துடன் முடிந்தது.

ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் வந்த வண்டிகளை நின்றபடி சூடேற்றுவதும் எளிதாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலான வண்டிகளில் இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு தோல் பெல்ட் நேராகப் போகும். நடுவில் கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. இன்ஜின் சுழன்றால் சக்கரமும் சுழலும். சூடேற்ற விரும்பியவர் பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திப் பெடலை மிதிக்க வேண்டும். மற்றவர்கள் தள்ளிக்கொண்டு ஓடி ஏறுவார்கள். இன்ஜின் சாலையிலேயே சூடாகும். குளிர்காலக் காலையில் எண்ணெய் பிசினாகி பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும். அதை இளக்கத் தலைப்பகுதியில் இருந்த சிறு குழாய்த் திறப்பு வழியே சில சொட்டுப் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ விடுவார்கள். எண்ணெய் தானாகச் சுழன்று வருவதும் கிடையாது. கைப்பம்பை ஓட்டுநரே அழுத்தி, கிளம்பும் முன் ஒரு முறையும் வழியில் சில மைலுக்கு ஒரு முறையும் எண்ணெய் ஊட்ட வேண்டும்.

ஆல்ஃப்ரட் ஆங்கஸ் ஸ்காட் 1908இல் இங்கிலாந்தில் வெளியிட்ட வண்டியில் இரண்டு வேகங்களோடு கிக் ஸ்டார்ட்டரும் இருந்தது. 1915இல் வந்த டிரையம்ஃப் 'மாடல் எச்' வண்டி கிளட்சும் மூன்று கியரும் கொண்டு, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் தூதஞ்சல் வீரர்களிடம் பெருமளவில் போய்ச் சேர்ந்தது. நியூட்ரலில் நிறுத்தி, உதைத்து, ஓடவிட்டுக் காத்திருக்கும் இன்றைய வழக்கம் கிக் ஸ்டார்ட்டரும் கிளட்சும் பரவிய பிறகுதான் பிறந்திருக்க முடியும். குளிரைவிடக் கிளட்சுக்குத்தான் அது அதிகம் கடன்பட்டிருக்கிறது.

காத்திருக்க வழி கிடைத்த அந்தக் காலத்தில் அதற்கான காரணங்களும் குறைவில்லாமல் இருந்தன. முதலாவது பெட்ரோலின் இயல்பு. பெட்ரோல் ஒரே பொருள் இல்லை. ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலிருந்து 200 டிகிரிவரை வெவ்வேறு வெப்பத்தில் கொதிக்கும் பல நீர்மங்களின் கலவை அது. திரவமாக உள்ள பெட்ரோல் எரியாது, ஆவிதான் எரியும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இலேசான பகுதிகள் மட்டுமே ஆவியாகும். மீதி உள்குழாயின் சுவரில் ஈரமாகப் படிந்துவிடும். முழுமையாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று எடையளவில் வேண்டும். ஆவியாகாத பகுதியை ஈடுகட்டி, எரியக்கூடிய கலவை சிலிண்டருக்குள் போய்ச் சேர வேண்டுமென்றால் பெட்ரோலைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். சோக் இருப்பது இதற்காகத்தான். காற்றை மறித்தோ தனி வழியில் பெட்ரோலைக் கூட்டியோ கலவையை அது அடர்த்தியாக்கும். 1927இல் மூன்று பிரிட்டிஷ் கார்புரேட்டர் நிறுவனங்கள் இணைந்து உருவான ஆமல், தன் கார்புரேட்டர்களில் ஒரு சிறு பொத்தானையும் வைத்தது. அதை அழுத்தினால் மிதவை கீழே போய்ப் பெட்ரோல் நிரம்பி வழியும். அந்த ஈர வாடை வந்தால் உதைக்கத் தயார் என்று பொருள். சோக்கை இழுத்த நிலையில் வண்டியை ஓட்டினால் கரும்புகை கக்கி பிளக் கறுத்துவிடும். சூடாகும் முன் சோக்கைத் தள்ளினால் இன்ஜின் நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் இரண்டு மூன்று நிமிடங்கள்தான் ஓட்டுநரை வாசலிலேயே நிறுத்தி வைத்தன.

இரண்டாவது காரணம் உலோகம் விரிவது. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல இரு மடங்கு விரியும். வார்ப்பிரும்பு சிலிண்டருக்குள் 70 மி.மீ. விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டன் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டின் வெப்பமும் 100 டிகிரி கூடும்போது பிஸ்டன் சுமார் 0.16 மி.மீ. பெருக்கும், சிலிண்டர் சுமார் 0.08 மி.மீ. தான் பெருக்கும். இந்த வேறுபாட்டுக்கு இடம் விட்டே பொருத்துவார்கள். அதனால் குளிர்ந்த இன்ஜினில் பிஸ்டன் சற்றுத் தளர்வாக ஆடி, தட்டும் ஓசை எழுப்பும். சூடானதும் ஓசை அடங்கும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எரியும் வாயுவின் நேர் கீழே இருக்கும் பிஸ்டன் முதலில் சூடாகிறது, கனத்த சிலிண்டர் பிறகுதான் சூடாகிறது. ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கினால், சிலிண்டர் விரிவதற்குள் பிஸ்டன் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும். மெக்கானிக்குகள் இதைத்தான் சீஸ் என்றும் ஜாம் என்றும் சொல்கிறார்கள்.

மூன்றாவது எண்ணெய். அமெரிக்காவின் எஸ்ஏஇ அமைப்பு 1911இல் இன்ஜின் எண்ணெயைப் பாகுத்தன்மையின்படி எண்ணிட்டு வகைப்படுத்தியது. அக்காலத்து ஒற்றைத் தர எண்ணெய் குளிரில் மிகவும் கெட்டிப்படும். எஸ்ஏஇ 40 எண்ணெய் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறத்தாழ பத்து மடங்கு தடிப்பாக இருக்கும். குளிர்காலக் காலை வெப்பநிலையில் அது இன்னும் பல மடங்கு. பம்பிலிருந்து புறப்பட்டு மேலே வால்வுகளைத் திறக்கும் ராக்கர்கள்வரை அது ஏறிச் சேர நேரம் எடுக்கும். அதுவரை அந்தப் பாகங்கள் முந்தைய ஓட்டத்தில் ஒட்டியிருந்த படலத்தை மட்டுமே நம்பி உரசும்.

பந்தயக்காரர்களிடம் இந்த வழக்கம் ஒரு தனிச் சடங்காகவே வளர்ந்தது. அவர்கள் விளக்கெண்ணெய் அடிப்படையிலான பந்தய எண்ணெயைப் பயன்படுத்தினார்கள். அதிக வெப்பத்தில் படலம் கிழியாமல் நிற்பது அதன் சிறப்பு, குளிரில் மிகவும் கெட்டிப்படுவது அதன் குறை. போட்டிக்கு முன் எல்லா இன்ஜின்களும் ஓடவிடப்பட்டு, எண்ணெய் கருகும் வாடை மைதானம் முழுக்கப் பரவும். எளிதில் சூடேறும் 'மென்' பிளக்கைப் பொருத்தி இன்ஜினைச் சூடாக்கி, புறப்படுவதற்குச் சற்று முன் அதைக் கழற்றிப் பந்தய வெப்பத்தைத் தாங்கும் 'வன்' பிளக்கை மாட்டுவார்கள். வன் பிளக்கோடு குளிர்ந்த இன்ஜினை உதைத்தால் அதன் முனை எண்ணெயில் நனைந்து பொறியே வராது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பந்தயக் களமாக மாறியது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் போட்டிகள் நடத்தியது. புறப்படும் முன் இன்ஜின்களை முறுக்கிச் சூடேற்றும் காட்சியைத் தமிழ்நாட்டு ரசிகர்கள் கூட்டமாகப் பார்த்தது அங்கேதான். தெருவில் வண்டி எடுப்பவர்களும் கிளம்பும் முன் நாலு முறுக்கு முறுக்கும் பழக்கத்துக்கு இந்தப் பந்தயக் கவர்ச்சியும் ஓரளவு காரணமாக இருக்கலாம்.

தமிழ்நாட்டில் சூடேற்றும் வழக்கத்தை வேரூன்றச் செய்த வண்டி புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1967இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து வந்தது. 346 சிசி, 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. நீள ஓட்டம், வார்ப்பிரும்பு சிலிண்டர், அலுமினியப் பிஸ்டன் என்று மேலே சொன்ன எல்லாக் காரணங்களும் ஒரே வண்டியில் கூடியிருந்தன. கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உருளைகளுக்குப் பதிலாக மிதக்கும் புஷ் இருந்தது. எண்ணெய் அழுத்தத்தோடு வந்தால்தான் அது பிழைக்கும். ராக்கர்களுக்கு எண்ணெய் ஏறும் மெல்லிய குழாய்கள் சிலிண்டருக்கு வெளியே கண்ணுக்குத் தெரியும்படி ஓடின.

புல்லட்டை ஸ்டார்ட் செய்வதே ஒரு கைப்பாடமாகக் கற்பிக்கப்பட்டது. பெட்ரோல் டேப்பைத் திறந்து, குளிர்ந்த வண்டியானால் சோக்கைப் போட்டு, சாவியைத் திருப்பினால் ஹெட்லைட் தலையில் இருக்கும் ஆம்பியர் மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் முள் நடுவுக்கு வரும். பாயின்ட் திறந்துகொண்டது, பிஸ்டன் அழுத்தத்தின் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இடக்கையால், சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லிவரை இழுத்து, கிக்கரைக் கொஞ்சம் நகர்த்தி உச்சியைத் தாண்டவிட்டு, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதையாக இறங்க வேண்டும். உச்சியைத் தாண்டாமல் அவசரத்தில் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலில் அந்த அடி வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

இத்தனை பாடுபட்டு உயிர்ப்பித்த இன்ஜினை உடனே கியரில் போட யாருக்கும் மனம் வராது. மெதுவான சீரான ஓட்டம் பிடிபடும்வரை அதைத் தனியே விடுவதும், டேப்பெட் சத்தம் தணிவதைக் காது கொடுத்துக் கேட்பதும், சிலிண்டரின் துடுப்புகளில் கை வைத்துப் பார்ப்பதும் ஓட்டுநரின் கடமையாயின. அந்த உலோகத்துக்கும் அந்த எண்ணெய்க்கும் அது சரியான பழக்கமே. காவல் துறையும் ராணுவமும் புல்லட்டைப் பெருமளவில் பயன்படுத்தியதால், காலையில் வரிசையாக வண்டிகளை ஓடவிட்டுச் சரிபார்க்கும் ஒழுங்கு அங்கிருந்தும் பரவியது. இதில் ஊட்டிக்கும் சென்னைக்கும் இருக்கும் வேறுபாட்டை யாரும் பெரிதாகப் பாராட்டவில்லை. ஜனவரி விடியலில் நீலகிரியில் உறைபனி விழும். அதே நேரத்தில் சென்னையில் 20 டிகிரிக்கு மேல் இருக்கும். இங்கிலாந்தின் குளிருக்கு ஏற்பட்ட காத்திருப்பு, கோடையில் 30 டிகிரியைத் தாண்டும் கடற்கரை ஊர்களிலும் அதே அளவில் கடைப்பிடிக்கப்பட்டது. பிஸ்டனும் சிலிண்டரும் வேறுபட்ட வேகத்தில் விரியும் சிக்கல் சென்னையிலும் இருந்தது உண்மை. ஆனால் எண்ணெய் கெட்டிப்படுவதும் பெட்ரோல் ஆவியாகாததும் அங்கே மிகவும் குறைவு; ஒரு நிமிடமே போதுமானதாக இருந்தது.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் கதை வேறு. 1961இல் மைசூரில் உற்பத்தி தொடங்கிய ஐடியல் ஜாவா, பின்னாளில் யெஸ்டி, போலந்து வடிவமைப்பைப் பின்பற்றிய எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத், 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 ஆகியவற்றில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே வரும். முதல் வெடிப்போடு எண்ணெயும் உள்ளே போய்விடும். பம்ப் மேலே ஏற்றக் காத்திருக்கத் தேவையில்லை. பேரிங்குகளும் உருளை வகை. இருந்தும் சூடேற்றும் பழக்கம் அவற்றிலும் தொடர்ந்தது. குளிரில் பிஸ்டன் கவ்விக்கொள்ளும் ஆபத்து இருந்ததால் சில நொடிகள் நியாயம்தான். நீண்ட நேரம் நின்றபடி ஓடவிட்டதால் தீமையே விளைந்தது. எரியாத எண்ணெய் சைலன்சரில் கரியாகப் படிந்தது, பிளக் நனைந்தது, தெரு புகையால் நிறைந்தது. பஜாஜ் ஸ்கூட்டரைக் காலையில் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துவிட்டு உதைக்கும் வழக்கமும் இந்தக் காலத்தது. இரவெல்லாம் நின்ற வண்டியின் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வந்து சேர வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 இந்தப் பழக்கத்தின் அடித்தளத்தையே அசைத்தது. 97 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் வெப்பத்தை விரைவாகப் பகிரும் அலுமினிய சிலிண்டரும் அதற்குள் இரும்பு லைனரும் இருந்தன. சிறிய இன்ஜின், சிறிய எண்ணெய்த் தொட்டி, விரைவில் சூடு. கூடவே எண்ணெயும் மாறிக்கொண்டிருந்தது. குளிரிலும் ஓடி வெப்பத்திலும் தடிப்பு அதிகம் குறையாதபடி பாலிமர் கலந்த பல்தர எண்ணெய் உலகில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவி, இந்தியச் சந்தையில் 20டபிள்யூ-40, பிறகு 10டபிள்யூ-30 என்று வழக்கமானது. குளிருக்குரிய நடத்தையைக் குறிக்கும் எழுத்துதான் நடுவில் இருக்கும் அந்த 'டபிள்யூ'. சிடி 100, அதன்பின் 1994இல் வந்த ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளைக் குளிர்ந்த காலையிலும் சோக்கோடு ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிடலாம். ஆனால் புல்லட்டில் பழகிய அப்பாவிடமோ யெஸ்டியில் பழகிய மெக்கானிக்கிடமோ வண்டி கற்றவர்கள் பழைய கணக்கிலேயே காத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பு எப்போதும் பாதிப்பில்லாதது என்று நினைப்பது தவறு. காற்றால் குளிரும் இன்ஜின் ஓடும் வண்டியில்தான் சரியாகக் குளிரும். நின்றபடி நெடுநேரம் ஓடினால் சைலன்சர் குழாயின் வளைவு நீலம் பூத்துவிடும். எண்ணெய் மேலும் சூடாகும். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீரும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ நீராவி பிறக்கும். குளிர்ந்த இன்ஜினில் அதில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் கலந்து நீராகும். சாலையில் ஓடி எண்ணெய் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகிப் போய்விடும். வாசலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டால் அப்படியே தங்கிப் பால் நிறக் குழம்பாகும். ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டியை நாள்தோறும் சிறிது நேரம் ஸ்டார்ட் செய்து வைப்பது நல்லது என்ற எண்ணம் இன்றும் பரவலாக இருக்கிறது. இன்ஜினுக்கு அது நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது.

எல்லாவற்றையும்விடக் கெடுதலானது குளிர்ந்த இன்ஜினை நின்ற இடத்தில் முறுக்கி உறும வைப்பது. எண்ணெய்ப் படலம் இன்னும் அமையாத நேரத்தில் அதிக வேகம் கொடுத்தால் சிலிண்டர், கேம், பேரிங் எல்லாம் ஒரே நேரத்தில் தேயும். பழைய ஓட்டுநர்கள் காத்திருந்ததன் நோக்கமே இந்தத் தேய்மானத்தைத் தவிர்ப்பது. அதே காத்திருப்பின் பெயரால் பின்னாளில் அதுவே வரவழைக்கப்பட்டது வருந்தத்தக்கது.

பழக்கத்தின் கடைசிப் பெரிய காரணமான சோக்கை ஒழித்தது ஃப்யூல் இன்ஜெக்‌ஷன். 1980இல் கவாசாகி தன் இசட்1000 வகை ஒன்றில் அதைப் பொருத்தியது. இந்தியாவில் 2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமரில் வந்தது. திருவொற்றியூரின் வார்ப்பிரும்பு இன்ஜினும் விடைபெறும் காலம் நெருங்கியது. அலுமினியத்தால் ஆன யூசிஇ என்ற புதிய இன்ஜின் 2008இலிருந்து ராயல் என்ஃபீல்டு வண்டிகளில் அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டியில் வெப்ப உணரி இன்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று சொல்ல, சிறு கணினி அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்து, சூடாகச் சூடாகக் குறைத்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங் சற்று உயர்ந்து சில நொடிகளில் தானாக இறங்குவது அதனால்தான். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 புகை விதிகள் வந்தபோது ஏறத்தாழ எல்லா மோட்டார் சைக்கிள்களும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. டிவிஎஸ் எக்ஸ்எல் 100 கூட அதில் அடங்கும்.

அதே விதிகள் சூடேற்றலைப் பார்க்கும் பார்வையையும் மாற்றின. சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வெப்பம் வந்த பிறகே நச்சு வாயுக்களைச் சுத்தம் செய்யத் தொடங்கும். அதுவரை வெளியேறும் புகை அப்படியே காற்றில் கலக்கும். நின்றபடி ஓடும் இன்ஜின் அந்த வெப்பத்தை மெதுவாகவே எட்டும். ஓடும் வண்டி விரைவில் எட்டும். 2006இல் நடைமுறைக்கு வந்த யூரோ 3 விதிகளில் ஐரோப்பா மோட்டார் சைக்கிள் புகையை இன்ஜின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும் கணத்திலிருந்தே அளக்கச் செய்தது. மோட்டார் சைக்கிள் பிறந்த ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதிமுறை, 30ஆம் பிரிவில், வண்டி இன்ஜினைத் தேவையின்றி ஓடவிடுவதைத் தடை செய்கிறது. வாசலில் சூடேற்றுவதும் அதில் அடங்கும்.

இன்று பயிற்சியாளர்களும் மெக்கானிக்குகளும் பொதுவாகச் சொல்வது இதுதான்: இன்ஜெக்‌ஷன் வண்டியானால் ஹெல்மெட்டை மாட்டிப் பூட்டும் நேரம் போதும், கார்புரேட்டர் வண்டியானால் சோக்கைத் தள்ளியபின் இன்ஜின் நிற்காமல் ஓடும்வரை. அதன்பின் முதல் சில கிலோமீட்டருக்கு ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் முறுக்காமல், மேட்டில் உயர்ந்த கியரில் இழுக்காமல் போக வேண்டும். எண்ணெய், கியர் பெட்டி, டயர், சஸ்பென்ஷன் எல்லாம் ஓட்டத்தில்தான் தம் வெப்பத்துக்கு வருகின்றன. நின்றபடி சூடாவது இன்ஜின் மட்டுமே. வார்ப்பிரும்பு புல்லட்டைப் பேணி ஓட்டுபவர்களுக்கு மட்டும் இரண்டு நிமிடக் காத்திருப்பு இன்றும் பொருந்தும்.

மின்சார வண்டிகளில் எரிபொருளும் இல்லை, பிஸ்டனும் இல்லை, சூடேற்றவும் ஒன்றுமில்லை. கடுங்குளிரில் லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏற மறுக்கும் சிக்கல் உண்டு என்றாலும், அது வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும் இடங்களின் கவலை. டிவிஎஸ் 50 பிறந்த ஓசூரில் ஏதர் நிறுவனமும், அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனமும் 2021 முதல் இத்தகைய ஸ்கூட்டர்களை உற்பத்தி செய்து வருகின்றன.